நடுவில் நிறுத்துங்கள்: வீட்டுத் திரையை மீண்டும் நம் கையில் எடுப்பது எப்படி

ஒரு தொடரை நிறுத்த வேண்டுமென்றால் எபிசோட் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். அடுத்த எபிசோடைத் தொடங்கி, முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, நடுவில் அணையுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். இரண்டு நாள் செய்து பார்த்தால் புரிந்துவிடும். எபிசோடின் கடைசி இரண்டு நிமிடம் நம்மை எழுந்திருக்க விடாமல் செய்யவே எழுதப்படுகிறது. கதவு தட்டப்படும், வந்தது யார் என்று காட்ட மாட்டார்கள். துப்பாக்கி வெடிக்கும், குண்டு யார் மேல் பட்டது என்று தெரியாது. அந்த முடிச்சை அடுத்த எபிசோடின் தொடக்கத்திலேயே அவிழ்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கதை கொஞ்சம் மூச்சு வாங்கும், அடுத்த பிரச்சினைக்கு அஸ்திவாரம் போடும். அந்த இடத்தில் நம் மனசும் லேசாக இருக்கும். டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

இந்தச் சின்ன விஷயத்திலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. படங்களும் தொடர்களும் கெட்டுப்போய்விட்டன என்ற பேச்சு எல்லா வீட்டிலும் இருக்கிறது. என்ன கெட்டுப்போனது என்று கேட்டால் முத்தக் காட்சி, கெட்ட வார்த்தை, ரத்தம் என்று பட்டியல் வரும். மூன்றும் கண்ணில் படுபவை, எண்ணிச் சொல்லக்கூடியவை. இவற்றைவிட ஆழமாகக் கெட்டது இரண்டு. செய்த காரியத்தின் விளைவைக் காட்டாமலே கதை நகர்ந்துவிடுவது ஒன்று. கதை எங்கே முடிய வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதை, ஆளைப் பிடித்து வைக்கிற கணக்கு தீர்மானிப்பது இன்னொன்று. இரண்டையும் வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க முடியும். பெருமளவு சமாளிக்கவும் முடியும்.

அதற்கு முன் ஒரு நேர்மையான கணக்கு. பழையதெல்லாம் தங்கம் என்று சொல்வது சரியல்ல. பழைய படங்களில் மட்டமானவை மறக்கப்பட்டு, நல்லவை மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த வருடத்துப் படங்களோ சல்லடையில் சலிக்கப்படாமல் மொத்தமாக நம் முன்னால் கிடக்கின்றன. ஹாலிவுட்டில் 1930-ல் ஏற்கப்பட்டு, 1934 முதல் கண்டிப்பாக அமலான தயாரிப்பு விதிமுறை ஒன்று இருந்தது. ஹேஸ் விதிமுறை என்பார்கள். குற்றம் செய்தவன் தப்பித்ததாகக் காட்டக் கூடாது என்றது அது. அதே விதிமுறைதான் வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைக் காட்டுவதையும் தடை செய்தது. ஒழுக்கம் என்ற பெயரில் அநியாயமும் சேர்ந்தே உள்ளே நுழைந்தது. குற்றவாளிக்குத் தண்டனை என்ற நிபந்தனையையும் பல படங்கள் ஒப்புக்குத்தான் நிறைவேற்றின. எண்பது நிமிடம் அவனை ராஜாவாக உலவவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் சுட்டுத் தள்ளினார்கள். ஆகவே பழைய படமா புதிய படமா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. பார்க்க வேண்டிய இடம் வேறு.

சான்றிதழ் எதை எண்ணுகிறது

ஹேஸ் விதிமுறை 1968-ல் போய், அமெரிக்காவில் வயது வாரியான ரேட்டிங் வந்தது. 1984-ல் பி.ஜி.-13 (13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெற்றோருக்கு எச்சரிக்கை) என்ற படி நடுவில் சேர்ந்தது. இந்த ரேட்டிங் வேலை செய்யும் விதத்தை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கடுமையான ஒரு குறிப்பிட்ட கெட்ட வார்த்தை ஒருமுறை வசவாக வந்தால் பி.ஜி.-13 கிடைக்கும், அதற்கு மேல் வந்தால் பெரும்பாலும் 'ஆர்' (17 வயதுக்குக் கீழே பெரியவர் துணை வேண்டும்) ஆகிவிடும். வன்முறைக்கு இப்படி எண்ணிக்கை கிடையாது. எத்தனை பேர் செத்தாலும், ரத்தமும் வேதனையும் குறைவாகத் தெரிந்தால் 'இளையோருக்கு ஏற்றது' வரிசையிலேயே நிற்க முடியும்.

தயாரிப்பாளர் பக்கம் இருந்து யோசித்துப் பாருங்கள். பெரிய செலவில் எடுத்த படத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வர வேண்டும். அதனால் வார்த்தையைக் குறைப்பார்கள், ரத்தத்தைத் துடைப்பார்கள், துப்பாக்கியை அப்படியே விட்டுவிடுவார்கள். 2013-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பி.ஜி.-13 படங்களில் துப்பாக்கி வன்முறை 1985-லிருந்து மூன்று மடங்குக்கு மேல் கூடியிருப்பதைக் காட்டியது. ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளி 1992 முதல் 2003 வரையிலான படங்களை ஆராய்ந்து 2004-ல் சொன்னதும் இதையொட்டியதுதான்: ஒரே ரேட்டிங்குக்குள்ளேயே வன்முறையும் பாலியல் காட்சிகளும் வசைச் சொற்களும் வருடத்துக்கு வருடம் கூடியிருந்தன. ரேட்டிங் எழுத்து மாறவில்லை, அதற்குள் இருக்கிற சரக்கு மாறிவிட்டது. நீங்கள் சிறுவயதில் பார்த்த பி.ஜி.-13 படத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கு வந்த பி.ஜி.-13 படத்தைப் பிள்ளைக்குப் போட்டுக் கொடுத்தால் ஏமாந்து போவீர்கள்.

எனவே எழுத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் வருகிற விவரக் குறிப்பைப் படியுங்கள். அங்கேயும் சொற்களுக்குள் வித்தியாசம் உண்டு. 'கற்பனை வன்முறை' என்றால் ரத்தம் குறைவு, எண்ணிக்கை அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். 'தீவிரமான காட்சிகள்' என்றால் பயமுறுத்தும் என்று பொருள். சின்னப் பிள்ளைகளை இரவில் எழுப்புகிறவை பெரும்பாலும் இந்த வகைதான். 1912 முதல் இயங்கிவரும் பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியம், படத்தில் என்னென்ன வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. திரைப்பட விவரங்களைத் தொகுக்கும் ஐ.எம்.டி.பி. தளத்தில் 'பெற்றோர் வழிகாட்டி' என்ற பகுதி இருக்கிறது. பார்வையாளர்களே எழுதுவது என்பதால் சில இடங்களில் மிகையாக இருக்கும், ஆனால் எந்தக் காட்சி வருகிறது என்று சொல்லிவிடும். இரண்டையும் படிக்க மூன்று நிமிடம் போதும். ட்ரெய்லரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பொதுப் பார்வையாளர் முன் போட ட்ரெய்லரைத் தனியாகச் சுத்தம் செய்வது வழக்கம்.

விளைவு எங்கே போனது

ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1961-ல் செய்த பொம்மைச் சோதனை பலருக்குத் தெரியும். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அப்படியே அடித்தார்கள். அதைவிட முக்கியமானது அவர் 1965-ல் செய்தது. அதே அடிதடியைப் படமாகக் காட்டினார்; முடிவை மட்டும் மூன்று விதமாக மாற்றினார். ஒன்றில் அடித்தவருக்குப் பரிசு. ஒன்றில் தண்டனை. மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே நகல் செய்தார்கள். ஒன்றுமே நடக்காத படத்தைப் பார்த்தவர்களோ பரிசு கிடைத்ததைப் பார்த்தவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

விளைவு இல்லாமல் விடுவது நடுநிலை ஆகாது, பிள்ளையின் கண்ணுக்கு அதுவே அனுமதி. சோதனையில் இன்னொரு படியும் உண்டு. 'பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு' என்று சொன்னவுடன் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டின. தண்டனையைப் பார்த்த பிள்ளைகளும் அடியைக் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். வெளியே காட்டாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இதையும் 1996-ல் வெளியான அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வின் முதல் அறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். வன்முறைக் காட்சிகளில் 73 சதவீதத்தில், செய்தவனுக்கு அந்தக் காட்சியில் எந்தத் தண்டனையும் இல்லை. வன்முறை வந்த நிகழ்ச்சிகளில், வன்முறை வேண்டாம் என்பதை அழுத்திச் சொன்னவை வெறும் 4 சதவீதம்.

ஒரு சண்டைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நாயகன் ஓட்டலில் பத்துப் பேரை அடிக்கிறான். மேசை உடைகிறது. தட்டுடன் வந்த பையன் மேல் ஒருவன் போய் விழுகிறான். கேமரா அங்கே நிற்காமல் நாயகனின் முகத்துக்குப் போகிறது, பின்னணி இசை எழுகிறது, அடுத்த காட்சியில் அவன் நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருக்கிறான். விழுந்த பையனின் கை என்ன ஆனது? கடைக்காரர் அன்றைய நட்டத்தை எப்படி ஈடுகட்டினார்? படம் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும். பிள்ளை பக்கத்தில் இருந்தால் படத்தை நிறுத்தி உபதேசம் செய்ய வேண்டியதில்லை. 'அந்தத் தட்டு எடுத்து வந்த அண்ணனுக்கு என்ன ஆச்சு?' என்று ஒரே ஒரு கேள்வி போதும். அடுத்த படத்தில் பிள்ளையே அப்படி விழுந்தவர்களைத் தேட ஆரம்பித்துவிடும்.

ஒரு படத்தையோ தொடரையோ எடைபோட நாங்கள் நம்பும் கேள்விகள் மூன்று. வலி அடுத்த காட்சியிலும் இருக்கிறதா, காட்சி மாறியதும் ஆறிவிட்டதா? தவறு செய்தவன் எதையாவது இழந்தானா, கடைசியில் ஒட்டவைத்த தண்டனை மட்டும்தானா? பாதிக்கப்பட்டவருக்குப் பெயரும் முகமும் இருக்கிறதா? மூன்றுக்கும் சரியான பதில் தரும் படத்தில் ரத்தம் அதிகமாக இருக்கலாம், வயது வந்தவர்களுக்கான சான்றிதழ்கூட இருக்கலாம். இருந்தும் ரத்தமே காட்டாத பல சாகசப் படங்களைவிட அது மேலானது. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று சொல்லவில்லை, பெரியவர்கள் பார்ப்பதற்குச் சொல்கிறோம்.

காதல் காட்சிகளுக்கு வேறொரு சோதனை: சத்தத்தை அணையுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற பெண்ணின் பின்னாலேயே ஒருவன் வருகிறான். அவள் நடை வேகமாகிறது, திரும்பிப் பார்க்கிறாள், தெருவில் வேறு ஆள் இல்லை. புல்லாங்குழலும் வயலினும் இருக்கும்போது அது காதல். இசையை எடுத்துவிட்டால் அதே காட்சி ஒரு பெண்ணின் பயம். மூன்று நிமிடம் இப்படிப் பார்த்தால், இசை நம் மனசாட்சியை எந்த இடத்தில் வாங்கிவிடுகிறது என்று பிடிபட்டுவிடும். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்ல பயிற்சி எங்களுக்குத் தெரியாது.

பிடித்து வைக்கிற கணக்கு

தினசரி சீரியல் என்ற வடிவம் 1930-களில் அமெரிக்க வானொலியில் பிறந்தது. சோப்பு நிறுவனங்கள் விளம்பரச் செலவை ஏற்றதால் 'சோப் ஓபரா' என்ற பெயர் வந்தது. பிறந்த நாளிலிருந்தே அதன் வேலை, அடுத்த நாளும் ஆளைக் கூட்டி வருவது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போகக் கதைக்கு ஏறக்குறைய 22 நிமிடம்தான் கிடைக்கும். அதில் முந்தைய நாள் சுருக்கம், தலைப்புப் பாட்டு, அடுத்த நாள் முன்னோட்டம் எல்லாம் போக மிச்சம் இருப்பதில் புதிய செய்தி எவ்வளவு என்று ஒருநாள் கடிகாரம் வைத்துக் கணக்கெடுங்கள். ஒருத்தி ஒரு கடிதத்தைப் படிக்கிறாள். இடிச் சத்தம். அவள் முகம். மாமியாரின் முகம். மைத்துனனின் முகம். மறுபடி அவள் முகம், இப்போது இன்னும் கிட்டத்தில். கடிதத்தில் என்ன இருந்தது என்பது நாளைக்கு. ஒரே ஆள் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசிவிட்டால் மூன்று மாதக் கதை முடிந்துவிடும் என்ற நிலைமை இருக்கிறதே, அதற்குக் காரணம் எழுதுகிறவரின் திறமைக் குறைவு மட்டுமில்லை. பிரச்சினை தீரவே கூடாது என்பதுதான் அந்த வேலையின் நிபந்தனை. அதனால்தான் நல்லவர்கள் வாய்மூடிகளாகவும், சூழ்ச்சிக்காரர்கள் மட்டுமே சுறுசுறுப்பானவர்களாகவும் இருக்கிறார்கள். பல வருடம் தினமும் இதைப் பார்க்கிறவருக்கு, வீட்டில் யாரோ ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்ற சந்தேகம் பழகிப்போகிறது. வன்முறையைப் பற்றி அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் கடைசியிலிருந்து செய்த ஆய்வுகளும் இதைப் போன்ற ஒன்றைத்தான் சொல்லின: அதிகம் டிவி பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தானதாக நம்புகிறார்கள்.

வீட்டுப் பெரியவர்கள் சீரியல் பார்ப்பதைக் கேலி செய்யாதீர்கள். பல வீட்டில் மதியத்துக்கு மேல் அவர்களோடு பேசுவது அந்தப் பெட்டி ஒன்றுதான். குறைக்க வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். வாரத்தின் பெரிய திருப்பத்தைக் கடைசி எபிசோடில் வைத்து, அடுத்த வாரத்தின் முதல் எபிசோடில் அவிழ்ப்பது இந்த வடிவத்தின் பழைய வழக்கம். அந்த இரண்டை மட்டும் பார்த்தால் கதை பெரும்பாலும் கைவிட்டுப் போகாது. நடுவில் கிடைக்கிற அந்த மாலை நேரங்களில் யாராவது அவர்களோடு உட்கார வேண்டும். உட்கார ஆள் இல்லாமல் சீரியலை மட்டும் பறித்தால் அது கொடுமை.

ஓடிடியில் கணக்கு வேறு. 2013-ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரின் முழு சீசனையும் ஒரே நாளில் வெளியிட்டபோது ஒரு வாரக் காத்திருப்பு மறைந்தது. அந்த இடத்துக்குச் சில விநாடிக் கவுண்ட்டவுன் வந்தது. 2019-ன் கடைசியில் அதே நிறுவனம் இரண்டு நிமிடம் பார்த்தாலே ஒரு பார்வை என்று கணக்கிட்டது. 2021-ல் மொத்தம் பார்த்த மணி நேரத்துக்கு மாறியது. எதை எண்ணுகிறார்களோ அதற்கேற்ப எழுத்தும் வளையும். இரண்டு நிமிடம்தான் கணக்கு என்றால் முதல் காட்சியிலேயே ஒரு பிணம் வேண்டும், அதற்குப் பிறகு 'மூன்று நாட்களுக்கு முன்' என்று ஒரு அட்டை போட வேண்டும். மணி நேரம்தான் கணக்கு என்றால் இரண்டு மணி நேரப் படத்துக்கான கதையை எட்டு எபிசோடுக்கு இழுக்கலாம். ஒரு தொடரின் நான்காம், ஐந்தாம் எபிசோட்களில் கதை நின்ற இடத்திலேயே சுற்றுவதாகத் தோன்றினால் உங்கள் பொறுமையில் குறை இல்லை. நேராகக் கடைசி இரண்டு எபிசோட்களுக்குத் தாவிப் பாருங்கள். புரிந்தால், நடுவில் இருந்தது வெறும் இழுவை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்காகவே எழுதப்படும் தொடர்கள் இப்போது உண்டு. பாத்திரம் தான் செய்வதைத் தானே வாயால் சொல்லும்: 'நான் இப்போ அவன் வீட்டுக்குத்தான் போறேன்.' திரையைப் பார்க்காதவருக்கும் கதை புரிய வேண்டுமே. இதற்கு மருந்து எளிது, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். நல்ல படம் இன்னும் நன்றாக இருக்கும். மட்டமானது இருபது நிமிடத்தில் தாங்க முடியாமல் போகும். விமர்சனம் எதையும் படிக்கத் தேவையில்லை.

ரியாலிட்டி ஷோவில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் பேச ஆரம்பிக்கும்போது முகம் தெரிகிறது. வாக்கியத்தின் நடுவில் காட்சி வேறொருவர் முகத்துக்கோ அறையின் மூலைக்கோ போகிறது, குரல் மட்டும் தொடர்கிறது. அந்த இடத்தில் வேறு நாளில் பேசிய சொற்களை ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். குரலின் ஏற்ற இறக்கம் திடீரென்று மாறும், பின்னணி இரைச்சல் ஒரு நொடி அறுபடும். வாயசைவு தெரியாத வாக்கியத்தை வைத்து யாரையும் தீர்ப்பு சொல்லாதீர்கள். தனியாக உட்காரவைத்து எடுக்கும் பேட்டிகளில் ஒரே உடையை அணியச் சொல்வதும் இதற்காகத்தான். எந்த நாள் பேச்சையும் எந்த நாளோடும் சேர்க்கலாம். வெளியுலகத் தொடர்பை அறுத்து, தூக்கத்தைக் குறைத்து, பலரை ஒரே வீட்டில் அடைத்தால் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் காசாக்கிவிட்டு, 'அவர்களின் உண்மையான குணம் வெளிப்பட்டது' என்று விற்பது பெரிய அநியாயம். அதில் கலந்துகொண்டவர்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகும் அந்த முகத்தோடுதான் தெருவில் நடக்க வேண்டியிருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு

இரண்டு முதல் ஐந்து வயது வரை தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2016-ல் சொன்ன அளவு. நேரத்தை எல்லோரும் எண்ணுகிறார்கள், வேகத்தை யாரும் எண்ணுவதில்லை. 2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேகமான கார்ட்டூன், ஒரு குழு நிதானமான கல்வி நிகழ்ச்சி, ஒரு குழு படம் வரைதல். ஒன்பதே நிமிடம்தான். உடனே சோதித்தபோது, கவனத்தைக் கட்டுப்படுத்திக் காத்திருக்கும் திறனில் வேகக் கார்ட்டூன் பார்த்த குழு மட்டும் பின்தங்கியது.

வீட்டில் இதை அளக்க விரல் போதும். ஒரு நிமிடத்தில் காட்சி எத்தனை முறை வெட்டி மாறுகிறது என்று எண்ணுங்கள். ஐந்தாறு என்றால் நிதானம். இருபதைத் தாண்டினால் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். (இது எங்கள் கைக்கணக்கு, ஆய்வு சொன்ன அளவு இல்லை.) பெரியவர்களின் படங்களிலும் இதே கதைதான்: 1930-வாக்கில் ஒரு ஷாட் சராசரியாகச் சுமார் 12 விநாடி நின்றது, இன்றைக்குச் சுமார் இரண்டரை விநாடி. இன்னொரு அடையாளம், திரையை விட்டுப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நல்ல நிகழ்ச்சியில் முகம் மாறும், சிரிக்கும், திரும்பி உங்களிடம் ஏதாவது சொல்லும். வாய் லேசாகத் திறந்து, இமை அடிக்காமல், கூப்பிட்டால் திரும்பாமல் உறைந்திருந்தால் அது ரசிப்பு இல்லை.

இனி ஆப் அமைப்புகள். மெனுக்களின் பெயர் அவ்வப்போது மாறும், இருக்கும் இடம் ஏறக்குறைய இதுதான். நெட்ஃபிளிக்ஸில் கணக்குப் பக்கத்துக்கு பிரவுசர் வழியாகப் போய், ஒவ்வொரு ப்ரொஃபைலிலும் பிளேபேக் அமைப்பைத் திறந்து, அடுத்த எபிசோட் தானாக ஓடுவது, முன்னோட்டம் தானாக ஓடுவது இரண்டையும் எடுத்துவிடுங்கள். முன்னோட்டத்தை நிறுத்தும் வசதி 2020-ல்தான் வந்தது. பலருக்கு இன்னும் தெரியாது. மாற்றிய பிறகும் டிவியில் பழையபடியே ஓடினால் வேறு ப்ரொஃபைலுக்குப் போய்த் திரும்பி வாருங்கள், புதிய அமைப்பு வந்துவிடும். பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு வயது வரம்பு வையுங்கள். குறிப்பிட்ட தொடர் மட்டும் வேண்டாமென்றால் அதன் பெயரைச் சொல்லியே தடுக்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். பிள்ளையின் ப்ரொஃபைலைப் பூட்டுகிறார்கள், பெரியவர்களின் ப்ரொஃபைலுக்கு 'பின்' (PIN) என்ற ரகசிய எண் போடுவதில்லை. பிள்ளை ரிமோட்டில் ஒரு அழுத்து அழுத்தி அப்பாவின் ப்ரொஃபைலுக்குப் போய்விடுகிறது. எல்லாப் பெரியவர் ப்ரொஃபைலுக்கும் நான்கு இலக்கப் பின் போடுங்கள். பிறந்த வருடம் வேண்டாம், முதலில் முயல்வது அதைத்தான். புதிய ப்ரொஃபைல் உருவாக்கவும் பின் கேட்கும்படி வையுங்கள், இல்லையென்றால் பிள்ளை புதிதாக ஒன்றைத் திறந்துகொள்ளும். டிவியிலேயே இருக்கிற யூடியூப் ஆப்பையும் பிரவுசரையும் மறக்காதீர்கள். எல்லாப் பூட்டும் போட்டுவிட்டு அந்த இரண்டையும் திறந்துவைப்பது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பது போல.

யூடியூப் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பிரியமான கார்ட்டூன் பாத்திரங்களை வைத்துக் கொடூரமான வீடியோக்கள் பெருமளவில் உலவுவது 2017-ல் அம்பலமானது. அட்டைப்படம் பார்த்தால் பிள்ளைகள் வீடியோ மாதிரியே இருக்கும். யூடியூப் கிட்ஸில் 'அனுமதித்தவை மட்டும்' என்ற அமைப்பு இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த சேனலைத் தவிர வேறு எதுவும் வராது, தேடலும் இருக்காது. ஆறு வயது வரை வேறு எந்த அமைப்பையும் நம்ப வேண்டாம்.

மோசமான காட்சி எதிர்பாராமல் வந்துவிட்டால் பதறி ரிமோட்டுக்குப் பாய்கிறோம். அந்தப் பதற்றம்தான் பிள்ளையின் மனதில் காட்சியைவிட ஆழமாகப் பதியும். ஓட்டிவிட்டால் ஓட்டிய இடத்தைத் தேடிப் பார்க்கும் ஆசை வரும். நிதானமாக நிறுத்தி, 'இது பெரியவங்க படம், நான் முன்னாடியே பாத்திருக்கணும்' என்று சொல்லி வேறொன்றைப் போடுங்கள். தவறு தேர்ந்தெடுத்தவருடையது என்று பிள்ளைக்குத் தெரிந்தால், வேறொரு வீட்டில் அப்படிப்பட்ட காட்சியைப் பார்க்க நேர்ந்த அன்று பயமில்லாமல் உங்களிடம் வந்து சொல்லும்.

தரம் குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பங்கு டிவியின் குற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சினிமா நொடிக்கு 24 பிரேம். புதிய டிவிகள் நடுவில் தாமாகவே பிரேம்களைச் செருகி, நல்ல படத்தையும் சீரியல் போல வழுவழுப்பாக்கிவிடுகின்றன. சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' (புதியவற்றில் 'பிக்சர் கிளாரிட்டி'), எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர், அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அது ஒன்றே போதும். வசனம் முணுமுணுப்பாகவும் சண்டை காதைப் பிளப்பதாகவும் இருந்தால், ஆடியோவில் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து ஸ்பீக்கருக்குக் கலந்த ஒலியை டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் திணிக்கும்போது முதலில் அடிபடுவது பேச்சு.

படம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்த படத்தின் முன்னோட்டம் ஓட ஆரம்பிக்கும். அப்போது பட்டியலைப் பெரிதாக்கும் பொத்தானை அழுத்தி, பெயர்கள் ஓடி முடியும் வரை விடுங்கள். விளக்கையும் உடனே போட வேண்டாம். பிள்ளை முதல் கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.